மலையேறும் முன் கருவிப் பையைத் திறந்து பாருங்கள்

மார்கழி இறுதி முதல் மாசி வரை: நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு செல்லும் சைக்கிள்காரர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து மண் பாதைகள் காயத் தொடங்கியிருக்கின்றன. ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் விடியற்காலைப் புல்மேல் உறைபனி படிகிறது. மலைப் பாதையில் சைக்கிள் ஓட்ட ஆண்டிலேயே நல்ல காலம் இதுதான். மழை மாதங்களில் சுவரோரம் சாய்ந்து கிடந்த சைக்கிளைத் துடைத்தெடுத்து, பொங்கல் விடுமுறையில் மலைக்குக் கிளம்பப் பலரும் ஆயத்தமாகிறார்கள். டயரைப் பார்க்கிறார்கள், பிரேக்கைப் பார்க்கிறார்கள். பையின் அடியில் கிடக்கும் மல்ட்டி டூலை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இந்த வாரம் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

ஊருக்குள் செயின் அறுந்தால் கொஞ்ச தூரம் தள்ளினாலே ஒரு சைக்கிள் கடை வந்துவிடும். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே, செல்போன் சிக்னலும் இல்லாத சரிவில், அந்த வசதி கிடையாது. மாலை சாய்ந்தால் கோத்தகிரி, குன்னூர்த் தோட்டங்களில் காட்டெருமைகள் மேய இறங்கும், கரடியும் வரும். மசினகுடி, சீகூர்ப் பக்கம் யானை. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய பழுது, அளவு பொருந்தாத கருவியால் ஒரு மணி நேரம் இழுத்தால் நீங்கள் இருட்டில் மாட்டிக்கொள்வீர்கள். கருவி விஷயத்தில் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

முதலில் ஒரு காகிதம்

கடைக்குப் போகும் முன், ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உங்கள் சைக்கிளைச் சுற்றி வாருங்கள். கண்ணில் படும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் என்ன அளவு என்று எழுதுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டுகளுக்கு வழக்கமாக 4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீ வேண்டும். சீட்டின் கிளாம்ப்பும் அப்படியே. டிஸ்க் பிரேக்கின் காலிப்பரைச் சட்டத்தோடு இணைக்கும் இரண்டு போல்ட்டுகள் பெரும்பாலும் 5. ஆனால் டிஸ்க் தகட்டை ஹப்போடு பிடித்திருக்கும் ஆறு போல்ட்டுகளைக் குனிந்து பாருங்கள்: தலையில் நட்சத்திரக் குழி இருக்கும். அதற்கு டார்க்ஸ் டி25 வேண்டும். ஆலன் கீயால் முயன்றால் குழியே கெட்டுப்போகும். கியர் மாற்றும் டிரெய்லரின் எல்லைத் திருகுகள் பழைய மாடல்களில் பிளஸ் தலை, புதிய பலவற்றில் 2 மி.மீ. ஆலன். பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனரோ, 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீயோ தேவைப்படும். இடது பெடலின் மரை தலைகீழானது, கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும் என்பதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதிவையுங்கள். பதற்றத்தில் எல்லோரும் மறப்பது அது.

இந்தக் காகிதம்தான் உங்கள் கடைச் சீட்டு. மல்ட்டி டூல் பெட்டிகளில் 15 வேலை, 20 வேலை, 26 வேலை என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் பாட்டில் திறப்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் சீட்டில் உள்ள அளவுகள் அத்தனையும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். மலைச் சைக்கிளுக்கு 2, 2.5, 3, 4, 5, 6, 8 மி.மீ. ஆலன், டி25, ஒரு பிளஸ், ஒரு மைனஸ் திருப்புளி, செயின் கட்டர் ஆகியவை இருந்தால் எனக்குப் போதும். கிராங்க் பிரதர்ஸ் எம்19 போன்ற கருவிகள் இவை எல்லாவற்றையும் 175 கிராம் அளவில் அடக்கிவிடுகின்றன. அதைவிட எடை குறைய வேண்டும் என்று தேடினால், குறைவது பெரும்பாலும் செயின் கட்டராகத்தான் இருக்கும். அந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நம்மூரில் அதிகம் ஓடும் 21 கியர் மலைச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றின் பின்சக்கரம் நட்டு போட்டு முறுக்கியது. 15 மி.மீ. ஸ்பேனர் இல்லாமல் அது அசையாது. விலை உயர்ந்த மல்ட்டி டூல்கள் பெரும்பாலானவற்றில் அந்த ஸ்பேனர் இருக்காது, ஏனென்றால் அவை வேறு வகைச் சைக்கிள்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஹார்டுவேர் கடையில் தனியாக ஒரு ஸ்பேனர் வாங்கிப் பையில் போடுங்கள். முன்சக்கர நட்டு 14 ஆகவும் இருக்கலாம், அளந்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய பின் வீட்டிலேயே ஒவ்வொரு போல்ட்டிலும் கருவியைப் பொருத்திக் கால் சுற்று தளர்த்தி மீண்டும் இறுக்குங்கள். மடக்குக் கருவியின் உடம்பு பருமனானது. காலிப்பர் போல்ட்டுக்குப் பக்கத்தில் சட்டம் தடுக்கும். தண்ணீர் பாட்டில் கூண்டின் போல்ட்டுக்குள் நேராக நுழையாது. எது எட்டவில்லையோ அதற்கு மட்டும் தனியாக ஒரு நீள ஆலன் கீ எடுத்துக்கொள்ளலாம். 8 மி.மீ. பல கருவிகளில் 6-இன் மேல் மாட்டும் சிறு உறையாகவே வரும்; கழன்று விழுந்தால் புல்லில் கிடைக்காது, ஆகவே அது இறுக்கமாக நிற்கிறதா என்று பாருங்கள். பனிக்கால விடியலில் விரல் மரத்துப்போகும். கையுறையோடு விரிக்க முடியாத கருவி ஊட்டிக்கு உதவாது.

மழைக்குப் பிந்தைய இந்த மாதங்களில் போல்ட்டுக் குழிகளில் செம்மண் இறுகிக் கிடக்கும். அதன்மேல் கீயை வைத்து அழுத்தினால் பாதி ஆழம்தான் இறங்கும். திருப்பியதும் குழியின் விளிம்பு வழுக்கி உருண்டுவிடும். அப்புறம் அந்தப் போல்ட்டைப் பட்டறைக்காரர் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். முள்ளாலோ ஈர்க்காலோ மண்ணைக் கிளறி எடுத்துவிட்டு, கீ அடிவரை இறங்கிய பிறகே பலம் கொடுங்கள்.

செயின் கட்டரும் க்விக் லிங்க்கும்

செயின் பெரும்பாலும் ஏற்றத்தில், பெடலை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியர் மாற்றும்போது அறுகிறது. வெளித்தகடு ஒன்று முளையை விட்டுப் பிரியும். அதைச் சரிசெய்ய இரண்டு பொருள் வேண்டும்: சேதமான கண்ணியை வெளியேற்றக் கட்டர், அந்த இடத்தில் மாட்ட க்விக் லிங்க். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் போனால் வழியில்லை.

க்விக் லிங்க் வாங்கும்போது மொத்த கியர் எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். பின்சக்கரத்துப் பல்சக்கரங்களை மட்டும் எண்ணுங்கள். 21 கியர் என்றால் முன்னால் 3, பின்னால் 7. உங்களுக்கு வேண்டியது 6, 7, 8-க்குப் பொதுவான லிங்க். பல்சக்கரங்கள் கூடக் கூடச் செயின் மெலிகிறது: 8 உள்ள சைக்கிளில் செயினின் வெளி அகலம் சுமார் 7 மி.மீ., 12 உள்ளதில் 5 மி.மீ.க்குச் சற்று அதிகம். அளவு மாறினால் லிங்க் மாட்டாது, அல்லது மாட்டி அடுத்த ஏற்றத்தில் கழலும். 11, 12 வகை லிங்க்குகளை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தச் சொல்கின்றன ஷிமானோவும் ஸ்ராமும். இரண்டு லிங்க் எடுத்துப் போங்கள், எடையே தெரியாது. கட்டரும் உங்கள் செயினுக்கு ஏற்றதா என்று கடையில் கேளுங்கள். பழைய 8 கியர்க் காலத்துக் கட்டரில் 12 கியர்ச் செயின் ஆடும், ஊசி கோணலாக இறங்கும்.

செய்முறை இது. கட்டரில் இரண்டு தொட்டில்கள் இருந்தால், கைப்பிடித் திருகிலிருந்து தள்ளியிருக்கும் தொட்டிலில், பின்சுவரை ஒட்டிச் செயினை வையுங்கள். பக்கத்தில் இருப்பது இறுகிப்போன கண்ணியைத் தளர்த்த மட்டும். அதில் வைத்து முளையைத் தள்ளினால் கட்டரே உடையும். ஊசியின் நுனி முளையின் நடுவில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு மெதுவாகத் திருகுங்கள். முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பிறகு இளகும். முரண்டு கூடிக்கொண்டே போனால் நிறுத்துங்கள், ஊசி விலகியிருக்கிறது. சேதமான வெளித்தகட்டுக் கண்ணியை மட்டும் எடுத்தால் இரண்டு முனையிலும் உள்தகடுகள் நிற்கும். அவற்றுக்கு நடுவே க்விக் லிங்க்கைக் கோத்து, அந்த இடம் செயினின் மேல்வரிசைக்கு வரும்வரை பெடலைச் சுற்றி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தி மிதியுங்கள். ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். லிங்க்கில் அம்புக்குறி இருந்தால் அது செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

உள்தகடும் வளைந்திருந்தால் அந்தக் கண்ணியோடு அடுத்த வெளித்தகட்டுக் கண்ணியும் போகும். செயின் ஓர் அங்குலம் குறையும். அதன் பிறகு பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றாதீர்கள். குட்டையான செயின் இழுத்து டிரெய்லரைப் பிய்த்துவிடும். மீதி ஏற்றத்தை நடந்தே ஏறுங்கள்.

6, 7, 8 வகைச் செயின்களில் லிங்க் இல்லாவிட்டால், முளையை முழுக்கத் தள்ளாமல் வெளித்தகட்டில் தொங்கவிட்டு மீண்டும் உள்ளே அழுத்தலாம். இறுகிய கண்ணியைப் பக்கவாட்டில் அசைத்துக் கொடுத்தால் இளகும். 9-உம் அதற்கு மேலும் உள்ள மெல்லிய செயின்களில் இந்த வழி ஆகாது. தள்ளிய துளை விரிந்துவிடும். இறக்கத்தில் கை கொடுத்தாலும் அடுத்த ஏற்றத்தில் மறுபடி அறுந்து, நீங்கள் பெடலிலிருந்து வழுக்கிச் சட்டத்தில் விழக்கூடும்.

க்விக் லிங்க்கைத் திறக்கும் இடுக்கி வேண்டுமா என்று கேட்பார்கள். வீட்டில் இருக்கட்டும். அறுந்த செயின் ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. பாதையில் அந்த இடுக்கிக்கு வேலை குறைவு. கட்டர் இருந்தால், டிரெய்லர் உடைந்த நாளில்கூடச் செயினைக் குட்டையாக்கி ஒற்றை கியரில் வீடு சேரலாம். இது பின் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளுக்கு மட்டும் பொருந்தும். பின் சஸ்பென்ஷன் இருந்தால் அது அமுங்கும்போது செயினுக்கு வேண்டிய நீளம் மாறுவதால் நிற்காது.

அறுவதற்கு முன்பே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. செயினின் மேல் எஃகு அளவுகோலை வைத்து ஒரு முளையின் நடுவிலிருந்து 12 அங்குலம், அதாவது 24 கண்ணி, அளந்து பாருங்கள். புதிய செயினில் 24-ஆவது கண்ணியின் முளை சரியாக 304.8 மி.மீ.யில் நிற்கும். 11, 12 வகையில் ஒன்றரை மி.மீ. நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். மற்றவற்றில் இரண்டேகால் மி.மீ. வரை விடலாம். ஒரு மழைக்காலம் முழுக்கச் சேற்றில் ஓடிய செயினுக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

எங்கே வைப்பது

முதுகுப் பையில் வைத்தால் முதுகெலும்பின் நேரே வராதபடி ஓரத்தில் வையுங்கள். மல்லாக்க விழும்போது இரும்புக் கட்டி முதுகெலும்பில் குத்துவது பெரிய ஆபத்து. சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் சேறும் நீரும் சேரும். அங்கே வைப்பதானால் பழைய டியூப் துண்டில் சுற்றி ரப்பர் பட்டை போடுங்கள். சவாரி முடிந்ததும் மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மடக்கித் திறந்து வையுங்கள். விமானத்தில் வருகிறவர்கள் கருவிகளைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். தோட்டத்துப் பாதை என்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள். எந்தப் பாதையானாலும் நாலு மணிக்குள் பெரிய சாலையைத் தொட்டுவிடுங்கள்.

கடைசியாக, டிரெய்லர் ஹேங்கர். கீழே விழும்போது டிரெய்லருக்குப் பதிலாக வளைந்து உடைவதற்கென்றே வைத்த சிறு அலுமினியத் துண்டு அது. வளைந்த ஹேங்கரைப் பாதையில் நிமிர்த்த எந்த மல்ட்டி டூலாலும் முடியாது. உடைந்ததைக் கழற்றி உதிரியை மாட்ட ஆலன் கீகள் போதும். ஸ்ராம் 2019-இல் கொண்டுவந்த பொது ஹேங்கர் உள்ள புதிய சைக்கிள்களைத் தவிர, மற்றவற்றில் பெரும்பாலும் மாடலுக்கு மாடல் இதன் வடிவம் வேறு. பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய்க் காட்டித்தான் வாங்க முடியும். பல நேரம் கடையில் இருப்பு இருக்காது, வரவழைக்க வேண்டும். போகிக்கு முன் கையில் கிடைக்க வேண்டுமானால் இன்றே சொல்லிவையுங்கள்.