வைரஸ் சோதனை: ‘எதுவும் இல்லை’ என்று கணினி சொன்னால்

சென்னையையும் போர்ட் பிளேயரையும் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னர் அந்தமான் நிகோபார் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே சார்ந்திருந்தது. வேகம் குறைவு, செலவு மிகுதி. அந்நிலையில் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் புதுப்பிப்பதை நாளைக்கு என்று தள்ளிவைக்கத் தோன்றுவது இயல்பே. இணையம் விரைவாகிவிட்ட பின்னரும் அப்பழக்கம் பல இல்லங்களில் நீடிக்கக்கூடும். வீட்டு மேசைக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்போருக்கு அது எத்தகைய ஆபத்து என்பதை அறிய, சோதனை நடைபெறும் முறையைச் சற்றுப் பார்ப்போம்.

காசோலையில் உள்ள கையொப்பத்தை நாம் வங்கியில் அளித்துள்ள மாதிரிக் கையொப்பத்துடன் அலுவலர் ஒப்பிடுகிறார். வைரஸ் சோதனையின் அடிப்படையும் ஒப்பீடுதான், ஆனால் தலைகீழானது. இங்கு மாதிரியாக இருப்பவை குற்றவாளிகளின் அடையாளங்கள். ஏற்கெனவே பிடிபட்ட ஒவ்வொரு தீய நிரலிலிருந்தும் அதற்கே உரிய ஒரு பகுதியை எடுத்துப் பட்டியலில் சேர்க்கிறார்கள். மென்பொருள் நம் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து அப்பட்டியலுடன் பொருத்திப் பார்க்கிறது. பொருந்தினால் எச்சரிக்கை, பொருந்தாவிட்டால் ‘எதுவும் இல்லை’. ஆகவே, மூன்று மாதப் பழைய பட்டியலைக் கொண்டு சோதித்தால், அம்மூன்று மாதங்களில் பிறந்த நிரல்கள் பெரும்பாலும் தப்பிவிடும்.

பட்டியலில் இல்லாதவற்றைப் பிடிக்க இரண்டாவது வழியும் உண்டு. ஒரு நிரல் என்ன செய்கிறது என்பதையே மென்பொருள் கவனிக்கிறது. கணக்கு எழுதும் நிரல் நம் விசைத்தட்டல்களை ஏன் பதிவு செய்ய வேண்டும்? கணநேரத்தில் நூற்றுக்கணக்கான படங்களை ஏன் பூட்ட வேண்டும்? இத்தகைய நடத்தை கண்டால் நிரலை நிறுத்திவிடும். இது ஊகம் என்பதால், குற்றமற்ற நிரலும் சில வேளைகளில் சிக்கும். சந்தேகத்துக்குரிய கோப்பை உடனே அழிக்காமல் தனிமைப்படுத்தி வைப்பது அதனால்தான்.

விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரில் விரைவுச் சோதனை, முழுச் சோதனை என இரண்டைக் காணலாம். முன்னது நினைவகத்தையும், கணினி தொடங்கும்போது இயங்கும் இடங்களையும் பார்க்கிறது. நாள்தோறும் இது போதும். முழுச் சோதனை வட்டு முழுவதையும் படிப்பதால் பல மணி நேரம் ஆகலாம். இயங்கும் விண்டோஸிடமிருந்தே தம்மை மறைத்துக்கொள்ளும் நிரல்களும் உண்டு. அவற்றுக்காகவே கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழுமுன் சோதிக்கும் ஆஃப்லைன் சோதனை உள்ளது. கடவுச்சொல்லால் பூட்டிய ஜிப் கோப்பின் உள்ளே எந்தச் சோதனையாலும் பார்க்க இயலாது. முன்பின் அறியாதவர் அப்படியொன்றை மின்னஞ்சலில் அனுப்பி, கடவுச்சொல்லையும் உடன் எழுதியிருந்தால், அதைத் திறக்காமல் நீக்குவதே நலம்.

தீவுகளில் பென் டிரைவைத் தனியே குறிப்பிட வேண்டும். வீட்டில் அச்சுப்பொறி இல்லாதவர் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் செல்லும் பென் டிரைவ், அன்று அக்கணினியில் செருகப்பட்ட பிறருடைய பென் டிரைவ்களின் தொற்றையும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். கோப்புறைகள் அனைத்தும் திடீரெனக் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருந்தால் அதுவே அறிகுறி; சொடுக்கக் கூடாது. செருகியவுடன் அதன் பெயர்மீது வலது பொத்தானை அழுத்தி, டிஃபெண்டர் சோதனையைத் தேர்ந்தெடுத்த பின்னரே திறக்க வேண்டும்.

வங்கியின் தளம்போல் தோன்றும் போலிப் பக்கத்தில் நாமே கடவுச்சொல்லையும் ஒருமுறைக் கடவு எண்ணையும் தட்டிவிட்டால், நம் கணினியில் தீய நிரல் எதுவும் நுழைவதில்லை. சோதனை ‘எதுவும் இல்லை’ என்றே சொல்லும். அது சொல்வதும் உண்மை. பணம் போயிருக்கும்.

சோதனையில் தீய நிரல் அகப்பட்டால், அதே கணினியில் கடவுச்சொல்லை மாற்றுவது பயனற்றது. புதியதும் களவு போகலாம். தூய்மையான வேறொரு கருவியில் மாற்றிவிட்டு, கணக்கு விவரத்தைச் சரிபார்க்க வேண்டும். பணம் குறைந்திருந்தால் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். தொற்றை நீக்கும் இலவசக் கருவிகளை, 2017இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தன் இணையதளத்தில் வழங்குகிறது.