ஆர்.கே.பேட்டையிலிருந்து கியர் சைக்கிளில் மலையோரமா? பையில் எது இருக்கணும், எது கூடாது

சோளிங்கர், பள்ளிப்பட்டு, நகரி என்று மலையோரமாக நாள் முழுக்க மிதிக்கப் போகிறீர்களா? இந்தப் பக்கம் ஆளைப் பாதி வழியில் உட்காரவைப்பது ஏற்றம் அல்ல, முள்ளும் வெயிலும்தான். பையை இன்று ராத்திரியே கட்டிவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

- ஸ்பேர் டியூப் இரண்டு எடுங்கள். ஊர்ப்புறச் சைக்கிள் கடையில் 26, 28 இன்ச் கிடைக்கும். 27.5, 29 என்று கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார்.

- பஞ்சர் கிட்டோடு ஒரு முள்வாங்கியையும் போடுங்கள். சீமைக்கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நுனி மட்டும் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு டயரின் உட்புறத்தை ஒரு சுற்று தடவுங்கள், துணி எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் நுனி. அதைப் பிடுங்காமல் புது டியூபை மாட்டினால் கொஞ்ச தூரத்திலேயே அதுவும் போச்சு.

- உங்கள் வால்வு எது என்று இப்போதே குனிந்து பாருங்கள். தடித்த ஷ்ரேடர் என்றால் டூவீலர் பஞ்சர் கடையிலேயே காற்று பிடிக்கலாம். ஒல்லியான பிரெஸ்டா என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். அது இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.

- தண்ணீர் மூன்று லிட்டர் வையுங்கள். கோடையில் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல.

- ஓ.ஆர்.எஸ். பொடியை பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கலக்குங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. கெட்டியாகக் கலக்கினால் நல்லதுக்குப் பதில் கெடுதல்.

- அடையாள அட்டை கட்டாயம். ஆந்திர எல்லையைத் தாண்டியதே தெரியாமல் தாண்டிவிடுவீர்கள். செம்மரக் கடத்தல் தொல்லையால் அந்தப் பக்கக் காட்டோரத்தில் வெளியூர் ஆளை நிறுத்தி விசாரிக்கலாம்.

- பின்விளக்கும் சில்லறைப் பணமும் மறக்காதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே டீ வாங்கித் தராது.

செய்யக்கூடாதவை

- டியூபையும் ஆலன் கீயையும் ஒரே பையில் திணிக்காதீர்கள். உரசி உரசி, மாட்டுவதற்கு முன்பே டியூப் ஓட்டையாகும். பழைய சாக்ஸுக்குள் சுருட்டி வையுங்கள்.

- பாரம் முழுவதையும் முதுகில் ஏற்றாதீர்கள். டூல்ஸும் தண்ணீரும் ஃபிரேமில் இருக்கட்டும். இறக்கத்தில் சைக்கிள் ஆடாது.

- வாழைப்பழக் கவரை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். சோளிங்கர் மலைக் குரங்குகளுக்கு கவர் என்றாலே சாப்பாடு.

- ஜீன்ஸ் வேண்டாம். வேர்வையில் ஊறினால் தொடை உரிந்துவிடும்.

- தீப்பெட்டி, கேஸ் அடுப்பு எதையும் எடுக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைப் பலிகொண்டது. மேப்பில் ஒற்றையடிப்பாதை தெரிகிறதே என்று அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள்ளும் நுழையாதீர்கள், அது குற்றம்.

- மழைக்காலத்தில் தரைப்பாலத்தை நம்பித் தீனியை எண்ணி எடுக்காதீர்கள். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால், இங்கே மழையே இல்லாவிட்டாலும் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். ஓடுகிற தண்ணீரில் சைக்கிளை இறக்காமல் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும். கடலை மிட்டாய், பேரீச்சை ஒரு வேளைக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

- புது மினி பம்பைப் பிரிக்காமல் எடுத்துப் போகாதீர்கள். வாசலிலேயே ஒரு தடவை பின்சக்கரத்தைக் கழற்றி, டியூபை மாற்றி, அதே பம்பால் காற்றடித்துப் பாருங்கள். கை கறுப்பாகும், பரவாயில்லை.