வாடகைப் பாக்கியும் சம்பள ஜப்தியும்

கேள்வி: எங்கள் வீட்டில் குடியிருந்தவர் 8 மாத வாடகை, ரூ.1,20,000, பாக்கி வைத்துக் காலி செய்துவிட்டார். தனியார் கம்பெனியொன்றில் குமாஸ்தாவாக ரூ.31,000 சம்பளம் வாங்குகிறார். சம்பளத்தில் பிடித்துத் தரும்படி அவருடைய முதலாளிக்கு எழுதலாமா?

பதில்: தங்கள் கோரிக்கை எத்துணை நியாயமானதாயினும், கோர்ட்டு உத்தரவின்றித் தங்கள் கடிதத்தை மட்டும் நம்பி ஊழியரின் சம்பளத்தில் கைவைக்க முதலாளிக்கு அதிகாரமில்லை. ஆகையால், ஒவ்வொரு மாத வாடகையும் பாக்கிப்பட்ட தேதியிலிருந்து 3 வருஷங்களுக்குள், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வக்கீல் நோட்டீஸ் முதலிய ஆதாரங்களுடன் சிவில் கோர்ட்டில் தாவா தொடுத்து, டிக்ரி பெற்று, அதன் பின்னர் நிறைவேற்று மனு போட்டே தாங்கள் சம்பள ஜப்தியைக் கோர இயலும்.

கடன்பட்டவரின் குடும்பம் பட்டினி கிடக்கலாகாதென்னும் காருண்யத்தினால், 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, சம்பளத்தில் முதல் ரூ.1,000-த்தையும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் ஜப்தியினின்று விலக்கியிருப்பதால், அவரிடம் மாதந்தோறும் ரூ.10,000 மட்டுமே பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் பிடிக்கவும் சட்டம் இடந்தராது. உத்தரவு கிடைத்த பிறகும் முதலாளி முழுச் சம்பளத்தையும் ஊழியரிடமே கொடுத்துவிட்டால், அத்தொகைக்கு அவரே பொறுப்பாவார்.

தங்கள் கைவசமுள்ள அட்வான்ஸ் தொகையை முதலில் கழித்துக் கணக்கிடுங்கள்; தவணையில் செலுத்த அவர் முன்வந்தால், எழுத்து மூலம் வாங்கிக்கொண்டு சம்மதித்துவிடுவதே விவேகம்.