பிக்கப் வேண்டுமா? ஸ்கூட்டர் சிவிடியில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கியர் இல்லாத 110, 125 சிசி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் சில வருஷம் ஓட்டிய பிறகு சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "முன்ன மாதிரி பிக்கப் இல்ல." உடனே பக்கத்தில் இருப்பவர், "லைட் வெயிட் ரோலர் போட்டுப் பாரு" என்பார். ரோலரை மாற்றினால் வண்டியின் குணம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் தேய்ந்த பெல்ட்டையும் பளபளத்துப்போன கிளட்ச் ஷூவையும் அப்படியே விட்டுவிட்டுப் புது ரோலர் போட்டால் காசுதான் போகும். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்கு வண்டியை முதலில் கொண்டு வாருங்கள். ட்யூனிங் அதற்குப் பிறகு. பாதிப் பேருக்கு அது தேவையே படாது என்பது என் எண்ணம்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. இடப்பக்கக் கவருக்குள் இரண்டு புல்லிகள், நடுவில் ஒரு பெல்ட். சிவிடி என்பது இதுதான். கிராங்கில் இருக்கும் முன் புல்லிதான் வேரியேட்டர். அதற்குள் பெரும்பாலும் ஆறு ரோலர்கள். இன்ஜின் வேகம் ஏற ஏற ரோலர்கள் வெளிப்பக்கம் ஒதுங்கி, புல்லியின் ஒரு பாதியை மறுபாதியை நோக்கித் தள்ளும். இடைவெளி குறைவதால் பெல்ட் மேலேறும். பின் புல்லியில் அதே பெல்ட், ஸ்பிரிங்கை மீறி உள்ளே இறங்கும். கியர் மாறுவது இப்படித்தான். எடை குறைந்த ரோலர் பெல்ட்டைத் தள்ள இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்; அதனால் இழுவை கூடும், பெட்ரோலும் கூடும். எடை கூடிய ரோலர் பெல்ட்டைச் சீக்கிரமே ஏற்றிவிடும். இன்ஜின் அலட்டாமல் ஓடும், மேட்டில் திணறும்.

செய்ய வேண்டியவை

கவரைக் கழற்றுமுன் நோயைக் கண்டுபிடியுங்கள். டயரில் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிளம்பும்போது வண்டி உதறினால் கிளட்ச். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பெல்ட்டோ கிளட்ச்சோ வழுக்குகிறது. ஒரே வேகத்தில் ஒவ்வொரு முறையும் தயங்கி, பிறகு எகிறினால் ரோலரில் ஒரு பக்கம் தட்டையாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

பெல்ட்டின் அகலத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். கண்ணுக்குப் புதுசு மாதிரி தெரியும் பெல்ட்கூடப் பக்கவாட்டில் தேய்ந்திருக்கும். அகலம் குறைந்த பெல்ட் முன் புல்லியின் விளிம்புவரை ஏறாது. டாப் ஸ்பீடு அங்கேதான் தொலைகிறது. எவ்வளவு தேயலாம் என்ற அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பெல்ட்டைப் பின்பக்கமாக மடக்கிப் பற்களுக்கு இடையே வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். புதுசு போடும்போது அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும்.

மார்க்கர் பேனாவால் ஒரு சோதனை செய்யுங்கள். புல்லியின் முகத்தை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, நடுவிலிருந்து விளிம்புவரை நான்கைந்து கோடு போடுங்கள். கவரை மாட்டி, காலியான நல்ல ரோட்டில் சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் ஓட்டிவிட்டு வந்து திறந்தால், பெல்ட் உரசிய இடம்வரை மை அழிந்திருக்கும். அழியாமல் மிச்சமிருக்கும் பட்டைதான் நீங்கள் இன்னும் பயன்படுத்தாத கியர். ரோலர் மாற்றுவதற்கு முன் ஒருமுறை, மாற்றிய பின் ஒருமுறை அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தால், வாய்ப்பேச்சுக்கு இடமில்லாமல் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ரோலரின் எடையை ஒவ்வொரு கிராமாக மாற்றுங்கள். ஆறையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கடையில் வாங்கியதைச் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். பாக்கெட்டில் போட்ட எடையும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். அரை கிராம் வித்தியாசம் வேண்டுமானால் இரண்டு எடைகளில் மூன்று மூன்று எடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக வைக்கலாம். பழைய ரோலர் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ, புதுசும் அதே பக்கம் பார்க்கட்டும். வேரியேட்டரைத் திரும்ப மாட்டும்போது பின் தட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கொண்டுபோங்கள். பிடி தளர்ந்தால் உள்ளே ஒரு ரோலர் தடம் விட்டு விழுந்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது.

பெல்ட்டைப் பின் புல்லிக்குள் ஆழமாக இறக்கிய பிறகே முன் நட்டை முடுக்குங்கள். இந்த வேலையில் மிக முக்கியமானது இதுதான். பின் புல்லியின் இரு பாதிகளையும் கையால் விரித்துப் பெல்ட்டை உள்ளே அழுத்தினால், முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று தொங்கும். அப்படித் தொங்கினால்தான் சரி. அதைச் செய்யாமல் முடுக்கினால் முன் புல்லியின் இரு தட்டுகளுக்கும் நடுவே பெல்ட் மாட்டிக்கொள்ளும். நட் இறுகிவிட்டதுபோல் கைக்குத் தெரியும்; டார்க் ரெஞ்சும் 'க்ளிக்' என்று சொல்லிவிடும். ஆனால் இறுகியது பெல்ட்டின் மேல். இன்ஜின் ஓடிப் பெல்ட் நகர்ந்ததும் நட் தளரும், முன் தட்டு ஆடும், அதன் பற்கள் கிராங்கின் பற்களைத் தின்னும். நூறு ரூபாய் வேலை கிராங்க் மாற்றுவதில் போய் முடியும். முடுக்கிய பிறகு புல்லியைக் கையால் சில சுற்று சுற்றி, பெல்ட் தானாக மேலே வருகிறதா என்று பாருங்கள்.

கிளட்ச் ஷூ பளபளத்திருந்தால் எமரி பேப்பரால் லேசாகத் தேயுங்கள். உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கியர் ஆயிலையும் மறக்க வேண்டாம்.

செய்யக்கூடாதவை

ரோலர், ஸ்பிரிங், கிளட்ச் மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மாற்றி, அதே ரோடு, அதே சுமையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

எடையை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். மிக லேசான ரோலரால் பெல்ட்டை மேலே ஏற்றவே முடியாது. இன்ஜின் கத்தும், சிக்னலில் முதலில் கிளம்புவீர்கள், பைபாஸில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். எப்போதும் டபுள்ஸ் போகிறவருக்கும் மேடு ஏறுகிறவருக்கும் கொஞ்சம் லேசான ரோலர் நியாயம். சமதளத்தில் தனியாக ஆபீஸ் போய் வருகிறவர் கம்பெனி எடையையே வைத்துக்கொள்வது நல்லது.

பின் புல்லிக்குக் கடினமான ஸ்பிரிங் போடாதீர்கள், பெல்ட் உண்மையிலேயே வழுக்கினால் தவிர. அது பெல்ட்டை அதிகமாக நெரிக்கும். சூடும் தேய்மானமும் கூடும்.

மேனுவல் சொல்லாத இடத்தில் கிரீஸ் தடவாதீர்கள். பெரும்பாலான இன்றைய ஸ்கூட்டர்களில் ரோலர்கள் கிரீஸ் இல்லாமலேதான் ஓடுகின்றன. சில மாடல்களுக்கு மட்டும் வேண்டும். சூட்டில் உருகித் தெறிக்கும் கிரீஸ் பெல்ட்டில் பட்டால் வழுக்கல்தான் மிஞ்சும். உள்ளே ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் வேறு எதுவும் செய்யாதீர்கள்.

நட்டைக் கழற்ற, முன் புல்லியின் விசிறி இறக்கைக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் செருகாதீர்கள். இறக்கை ஒடிந்தால் குளிர்ச்சியும் குறையும், சுற்றும்போது அதிர்வும் வரும். புல்லி ஹோல்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இம்பாக்ட் கன்னால் கழற்றலாம். மாட்டும்போது கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சால்தான்.

பின் கிளட்ச்சின் பெரிய நட்டை ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் திருகாதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் முகத்துக்கு நேரே பாயும். கவர் இல்லாமல் வண்டியை முறுக்கிப் பார்ப்பதும் வேண்டாம். விரல் ஆபத்து ஒன்று. சில மாடல்களில் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பேரிங் அந்தக் கவரில்தான் இருக்கிறது.

வாரண்டி முடியாத வண்டியில் வெளிச் சாமான் போடாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்கியிருந்தால், அந்த வழுக்கலைப் பார்த்து பெல்ட் போய்விட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். முதலில் தண்ணீரை வடித்து, கவரைத் திறந்து உலர்த்துங்கள்.

கிளட்ச் ஷூவுக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டுவிட்டு மலைக்குப் போகாதீர்கள். அந்த ஸ்பிரிங்கால் கிளட்ச் தாமதமாகப் பிடிக்கும், அதனால் எடுப்பு துள்ளலாக இருக்கும். அதே காரணத்தால் இறக்கத்தில் சீக்கிரம் விடும். ஆக்சிலரேட்டரை மூடி மெதுவாக இறங்கும்போது ஷூக்கள் உள்ளே ஒடுங்கிவிட்டால் இன்ஜின் பிரேக்கிங் போய்விடும். வண்டி நியூட்ரலில் உருள்வதுபோல் உருளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி இறங்கினால் முழுச் சுமையும் பிரேக் மேல் விழும், பிரேக்கும் சூடேறிப் பிடியை இழக்கும். லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கிளட்ச் மறுபடி பிடிக்கும், பிறகு மூடலாம். ஆனாலும் எந்த மாற்றம் செய்தாலும் ஏறிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பக்கத்தில் ஒரு சின்ன இறக்கத்தில் மெதுவாக இறங்கியும் பாருங்கள். வழக்கத்தைவிட அதிக வேகத்திலேயே கிளட்ச் விட்டுவிட்டால் அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பழையதையே போடுங்கள்.