உன் மேதையைத் திருமணிக்கு அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாவலைப் படித்து முடித்தேன். மதுராந்தகம் ஏரிக்கரைத் தெருவில் பிறந்து, பல மொழிகள் கற்று, சித்த மருத்துவமும் வேதியியலும் கணிதமும் வீணையும் கைவந்த ஒருவன். மாமல்லபுரத்துக் கடற்கரைக் குப்பங்களில் தொடங்கி ஊர் ஊராகக் கொன்றுவரும் ஒரு காய்ச்சல். மருந்து கண்டுபிடிக்க அவனுக்கு இருப்பது நாற்பது நாள். நடை உனக்கு நன்றாக வாய்த்திருக்கிறது. கிளியாற்றில் வெள்ளம் புரண்டு வந்து ஏரி கலங்கல் வழியும் பக்கத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பதிலைப் பொதுவில் எழுதலாமா என்று கேட்டபோது உடனே சம்மதித்தாய். மேதைகளை எழுத ஆசைப்படும் மற்ற பிள்ளைகளுக்கும் இது உதவட்டும்.

என் மனக்குறை ஒன்றுதான். உன் நாயகனுக்கு எல்லாம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. முப்பத்தொன்பதாம் இரவு ஓர் ஓலைச்சுவடியில் குறிப்பைக் காண்கிறான், விடிவதற்குள் மருந்து தயாராகிறது, பொழுது விடிந்ததும் ஊர் பிழைக்கிறது. நம் திரைப்படங்களும் இதைத்தான் நமக்குப் பழக்கியிருக்கின்றன. ‘ஏழாம் அறிவு’ படத்தில் காஞ்சிபுரத்துப் போதிதர்மன் போன இடத்தில் தொற்றுநோயை விரட்டினான். ‘தசாவதாரம்’ படத்தில் 2004 ஆழிப்பேரலையின் உப்புநீரே கிருமியை அழித்தது. அவற்றை ரசித்தவன்தான் நானும். ஆனால் உன் வீட்டிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடத்தில், கொடிய நோய் ஒன்றோடு மனிதர்கள் நடத்திய போராட்டத்தின் உண்மைக் கதை கிடக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்த நாவலை இப்படியே விட உனக்கு மனம் வராது.

மேதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் நாயகனுக்கு மிக நெருக்கமான உண்மை மனிதர் ஒருவர் சென்னையில் படித்தவர்: எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டில் உயிர்வேதியியலில் இறங்கினார். அவருடைய சகோதரர்களைக் கொன்றது ஸ்ப்ரூ என்னும் வயிற்றுப்போக்கு நோய். அந்த நோய்க்கு உதவும் ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழு செயற்கையாக உருவாக்கியது 1945-ல். அதாவது, சகோதரர்கள் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அதே வேலையின் கிளையாக, ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயல்படும் பொருள்கள் பிறந்தன. அவற்றைக் கொண்டுதான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலாகத் தற்காலிகமாகவேனும் அடக்கிக் காட்டினார். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் சுப்பாராவ் குழுவின் ஆய்வில் வந்ததே. 1948-ல் அவர் இறந்தபோது வயது 53.

இந்த வாழ்க்கையில் ஓட்டம் இருக்கிறது, வெறி இருக்கிறது, துக்கம் இருக்கிறது. ஒரே இரவில் நடந்தது மட்டும் எதுவும் இல்லை. யாருக்காக ஓடத் தொடங்கினாரோ அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் ஓடினார் பார், அந்த இருபது ஆண்டுகளை எழுதத்தான் உன்னைப் போன்ற எழுத்தாளன் வேண்டும்.

இனி திருமணிக்கு வா. செங்கல்பட்டை ஒட்டிய இந்த ஊரில் 1924-ல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் மருத்துவமனை ஒன்று தொடங்கியது. 1955-ல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக ஆக்கியது. இரண்டுக்கும் நடுவில் அங்கே தலைமை மருத்துவராக இருந்தவர் ராபர்ட் காக்ரேன். அப்போது தொழுநோய்க்கு இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். அதை ஊசியாகப் போடுவார்கள். வலி உயிர் போகும், பலனோ நிச்சயமில்லை.

நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதை. தொழுநோயைக் குணப்படுத்தப் போகும் டாப்சோன் என்ற பொருளை, ஜெர்மனியில் ஃபிராம், விட்மன் என்ற இரு வேதியியலாளர்கள் 1908-லேயே உருவாக்கிவிட்டார்கள். அது நோய்க்கு மருந்தாகுமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து வேறு கிருமிகளுக்காகச் சோதித்தார்கள். மனிதருக்கு நஞ்சு என்று ஒதுக்கினார்கள். 1941-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் அதன் வழிவந்த இன்னொரு மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்தபோது புண்கள் ஆறின. அந்த மருந்து விலை அதிகம், நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், செங்கல்பட்டுக்குக் கட்டுப்படியாகாது. மூலப்பொருளான டாப்சோனோ மலிவு, பசுக்களின் மடிநோய்க்குப் பயன்பட்டு வந்தது. 1946 வாக்கில் காக்ரேன் அதையே எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டுப் பார்க்கத் துணிந்தார். பின்னாளில் குறைந்த அளவு மாத்திரையே போதும் என்று தெரிந்தது. நாளுக்கு 100 மில்லிகிராம். உலகமெங்கும் ஏழைகள் வாங்கக்கூடிய மருந்தாக அது மாறியது.

மருந்து புட்டியில் இருந்தது. நோயாளி வாசலில் இருந்தார். இடையில் நாற்பது ஆண்டுகள் கிடந்தன. உன் நாயகனின் மேதைமையை இங்கே வை. புதிதாக ஒன்றைப் படைப்பவனாக மட்டும் அவனைக் காட்டாதே. ஒருவர் நஞ்சு என்று தள்ளியதை எடுத்து, எவ்வளவு கொடுத்தால் நஞ்சு, எவ்வளவு கொடுத்தால் மருந்து என்று பொறுமையாகத் தேடுகிறவனாகக் காட்டு. அந்தத் தேடல் நடப்பது உயிருள்ளவர்களின் உடலில். அளவு கூடினால் ரத்தம் குறையும். அந்த ஊசியை ஏற்றுக்கொண்டவர்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. உன் நாவலில் அவர்களுள் ஒருவருக்கேனும் பெயரும் வாயும் கொடு. உன் பிரதியில் நோயாளிகள் மொத்தமாகக் கிடக்கிறார்கள், மொத்தமாக எழுகிறார்கள். ஒருவர்கூட “இந்த ஊசி எனக்கு வேண்டாம் ஐயா” என்று சொல்லவில்லை.

நோய்க்கும் ஒரு நடை உண்டு. தொழுநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். உடலுக்குள் போய் வெளியே தெரிவதற்குச் சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டு. ஹான்சன் என்ற மருத்துவர் அந்தக் கிருமியைக் கண்டது 1873-ல். இன்றுவரை அதைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க யாராலும் முடியவில்லை. இப்படிப்பட்ட எதிரியிடம் மேதையின் அவசரம் என்ன செய்யும்? மரத்துப்போன ஒரு தேமலை ஊசியால் குத்திப் பார்ப்பான். ஆறு மாதம் கழித்து மறுபடி குத்திப் பார்ப்பான். நடுவில் அவனுக்குக் கல்யாணம் ஆகும், அப்பா இறப்பார், ஏரி இரண்டு தடவை நிரம்பும். நோய்க்கு அவனைப் பற்றிக் கவலையே இல்லை. உன் நாற்பது நாள் கெடுவைவிட இது எனக்குப் பதற்றம் தருகிறது. நீயும் நினைத்துப் பார், தரும்.

வெற்றியும் நிற்காது. 1964-ல் டாப்சோனுக்கு அடங்காத கிருமிகள் உறுதி செய்யப்பட்டன. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. மாத்திரை அட்டையோடு களப்பணியாளர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு 57 பேருக்கும் மேல் நோயாளிகள் இருந்தார்கள். 2005 முடிவில் அது ஒன்றுக்கும் கீழே வந்தது. புதிய நோயாளிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கிருமி செத்த பிறகு என்ன? உன் கதை முடியும் இடத்தில் அவர்களுடைய கதை தொடங்குகிறது. 1947-ல் வேலூரில் பணியாற்றிக்கொண்டிருந்த பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர், காக்ரேனைப் பார்க்கச் செங்கல்பட்டு வந்தார். விரல் மடங்கி முடங்கிப்போன கைகளை அங்கே கண்டார். ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிடி வலித்தது. செயலிழந்த கை என்று எல்லோரும் நினைத்த அதற்குள் வேலை செய்யும் தசைகள் இருந்தன! அந்த வலியிலிருந்துதான், நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்து விரல்களை மீண்டும் இயக்கும் அறுவைச் சிகிச்சை வேலூரில் வளர்ந்தது. ஒரு கை இன்னொரு கையைப் பிடித்தபோது அறிவு பிறந்த இந்த இடத்தைப் போல ஒரு காட்சி உன் நாவலில் எங்கும் இல்லை. உன் நாயகன் சுவடியைத் தொடுகிறான், குடுவையைத் தொடுகிறான், நோயாளியை ஒருமுறைகூடத் தொடவில்லை. திரும்பப் புரட்டிப் பார்.

கதை எழுதுகிறவர்களுக்கு இதில் பொறுப்பும் இருக்கிறது. ‘ரத்தக்கண்ணீர்’ படம் 1954-ல் வந்தது. எம்.ஆர். ராதாவின் நடிப்புக்கு ஈடு இன்றுவரை இல்லை என்றே நினைக்கிறேன். அதில் தொழுநோய் என்பது தவறாக வாழ்ந்தவனுக்குக் கிடைத்த தண்டனை. அதே காலத்தில் திருமணியில் அந்த நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குணமாகி வீடு திரும்பியவரைத் திண்ணையோடு நிறுத்திய குடும்பங்களில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தவர்களோ. மருந்துச் செய்தி போய்ச் சேராத ஊர்களுக்கும் சினிமா போய்ச் சேர்ந்தது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற பிரிவு 2019 வரை நம் சட்டங்களில் இருந்தது. உன் நாவலிலும் மீனவக் குப்பத்தில் காய்ச்சல் தொடங்குவதற்கு, அவர்கள் ஏதோ சாபத்துக்கு ஆளானதாக ஒரு வரி வருகிறது. அந்த வரியை எடுத்துவிடு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னும் ஒரு சம்பவம், செங்கல்பட்டின் பெயரை உலக மருத்துவ நூல்களில் ஏற்றியது. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி எவ்வளவு காக்கிறது என்று அறிய, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இப்போதைய திருவள்ளூர்ப் பக்கம், 1968-ல் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். 209 கிராமங்கள், 9 நகரங்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெற்று ஊசி. எது யாருக்கு என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1971 வரை ஊசி போட்டார்கள். பிறகு ஊர் ஊராகப் போய்ச் சளி எடுத்து, எக்ஸ்ரே படம் எடுத்து, ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். பிரிட்டனில் ஏறத்தாழ 80 சதவீதம் காத்த ஊசி அது. ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-ல் வெளியானபோது, நுரையீரல் காசநோயிலிருந்து அது அங்கே யாரையும் காத்ததாகத் தெரியவில்லை.

நம்பியிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் மறைக்காமல் அச்சிட்டார்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அந்த ஊசி தடுக்கிறது என்பதால் இன்றும் பிறந்த பிள்ளைக்குப் போடுகிறோம். ஆனால் அது பெரியவர்களைக் காக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்று உலகுக்குச் சொன்னது இந்த மாவட்டம். தம்பி, உன் நாயகன் தோற்பதே இல்லை. பத்து ஆண்டு உழைப்பின் கணக்கைத் திறந்து, ‘இல்லை’ என்ற விடையைப் பார்த்து, அதைத் தன் கையெழுத்தோடு வெளியிடும் ஒருவனை நீ எழுதினால், பல மொழி தெரிந்தவன் என்று நீ சொல்லாமலே அவன் மேதை என்பதை நான் நம்பிவிடுவேன்.

இதையெல்லாம் சேர்த்தால் கதையின் வேகம் போய்விடும் என்று பயப்படுவாய். போகாது. நாற்பது நாளை நாற்பது ஆண்டாக்கு என்றும் நான் சொல்லவில்லை. காய்ச்சலை வேகமாகவே கொல்லவிடு. ஆனால் விடையை அவன் விரும்பும் நேரத்தில் தராதே. முதல் மருந்து ஒருவரைக் கொல்லட்டும். அவர் யாருடைய அப்பா என்று நமக்குத் தெரிந்திருக்கட்டும். அவன் வேலை பாதி முடிந்திருக்கும்போது நின்றுபோய், உனக்குப் பிடிக்காத ஒரு செவிலியர் மீதியைச் செய்யட்டும். சுவடியை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். நீரடிமுத்தும் நம் மரபில் இருந்ததுதான். சுவடியில் கிடைத்ததையும் அவன் சோதித்துப் பார்க்கட்டும், அவ்வளவே.

எழுதுவதற்கு முன் ஒருமுறை திருமணிக்குப் போய் வா. அனுமதி கேட்டுவிட்டுப் போ. அங்கே யாரையும் நோயின் பெயரால் அழைக்காதே. படம் எடுக்காதே. செருப்பு தைக்கும் இடம் இருந்தால் அங்கே போய் உட்கார். காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு ஏற்ற செருப்பை எப்படி வெட்டுகிறார்கள், அடியில் எந்த ரப்பரை வைக்கிறார்கள் என்று கேள். முள் குத்தினால் தெரியாத கால் எப்படிப் புண்ணாகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். வயதானவர்கள் பேச விரும்பினால் கேட்டுக்கொள், விரும்பாவிட்டால் எழுந்து வந்துவிடு.

திரும்பி வந்ததும் முழு நாவலையும் திருத்த உட்காராதே. முப்பத்தொன்பதாம் இரவு வரும் அத்தியாயத்தை மட்டும் முதலில் மாற்றி எழுதி அனுப்பு. பொங்கலுக்குள் வந்தால் உடனே படித்துவிடுவேன். அதற்குப் பிறகு என்றால் கொஞ்சம் நாளாகும்.

அன்புடன்,
உன் அண்ணன்