பகுதிநேரப் பேராசிரியரே, உங்கள் உடம்புக்குக் காப்பீடு இருக்கிறதா?

"டாக்டர், நான் உங்ககிட்ட சாப்பிட்டது நாட்டு மருந்துதானே? அதையும் சிகிச்சைன்னு எழுதணுமா?"

தனியார் கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்தில் பாடம் எடுக்கும் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். வயது நாற்பதைத் தொடவில்லை. சர்க்கரை நோய்க்கு நான்கு வருடமாக என்னிடம் ஆவாரைக் குடிநீர் உள்ளிட்ட மருந்துகள் வாங்கி வந்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மருத்துவ பாலிசி எடுத்தபோது, 'சர்க்கரை நோய் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டார். பிறகு காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். 'நான்கு வருடச் சர்க்கரை' என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. பணம் தர முடியாது என்று காப்பீட்டுக் கம்பெனி கடிதம் அனுப்பிவிட்டது.

தவறு அவர் மேல் மட்டுமில்லை. என் சீட்டில் மருந்தின் பெயரை எழுதினேனே தவிர, நோயின் பெயரை எழுதவில்லை. இப்போது ஒவ்வொரு சீட்டிலும் எழுதுகிறேன்.

கௌரவ விரிவுரையாளர், பகுதிநேர ஆசிரியர் என்று பெயர் எதுவானாலும் நிலைமை ஒன்றுதான். நிரந்தர அரசு ஊழியருக்குச் சம்பளத்தில் பிடித்து நடத்தப்படும் காப்பீடு இவர்களுக்கு இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், கீழே உள்ள மூன்று கதவுகளையும் வரிசையாகத் தட்டிப் பாருங்கள்.

முதல் கதவு: இ.எஸ்.ஐ.

தமிழ்நாட்டில் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் இ.எஸ்.ஐ. சட்டத்தை விரிவாக்கி 2010-ல் அரசாணை வந்தது. சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உங்கள் சம்பளம் வரம்புக்குள் இருந்தால், கல்லூரி அலுவலகத்தில், "எனக்கு இ.எஸ்.ஐ. எண் வாங்கியாச்சா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி உங்கள் பங்கு 0.75 சதவிகிதம், கல்லூரியின் பங்கு 3.25 சதவிகிதம். மாதம் 16,000 ரூபாய் வாங்குபவருக்குப் பிடித்தம் 120 ரூபாய்தான்.

இதில் பெரிய அனுகூலம் என்னவென்றால், பழைய நோய்க்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவான நாள் முதலே உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாட்கள். 'வகுப்பு எடுத்தால்தான் காசு' என்றிருக்கும் குடும்பத்துக்கு இது லேசான விஷயமில்லை.

இரண்டாவது கதவு: முதலமைச்சர் காப்பீடு

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. 'வாத்தியார் வீட்டுக்கு இதெல்லாம் எதுக்கு?' என்ற கௌரவம் வேண்டாம். வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது கதவு: சொந்த பாலிசி

இரண்டிலும் இடமில்லாவிட்டால் குடும்பத்துக்கே சேர்த்து ஒரு பாலிசி எடுக்கலாம். முன்பு பிரீமியத்தோடு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியிருந்தது. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி இல்லை. கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கவனியுங்கள்:

1. ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காதீர்கள். சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எதில் பார்த்தாலும் அதுவும் சிகிச்சைதான். 2024 ஏப்ரல் முதல், பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உண்மையைச் சொன்னால் அதிகபட்சம் மூன்று வருடம் பொறுக்க வேண்டும். மறைத்தால் கட்டிய பணமும் வீண்.

2. சித்த மருத்துவத்துக்கும் உண்டு. அதே 2024 விதிகளின்படி ஆயுஷ் சிகிச்சையை மற்ற சிகிச்சைக்குச் சமமாக நடத்த வேண்டும். ஆனால் விதிகளுக்கு உட்பட்ட ஆயுஷ் மருத்துவமனையில் படுத்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான் இது பொதுவாகப் பொருந்தும். மாதாமாதம் வாங்கும் சூரணத்துக்கு அல்ல.

3. விடுமுறை மாதத்தில் சம்பளம் வராது. பிரீமியத் தேதி மே மாதத்தில் விழுந்தால், முன்கூட்டியே சிறுகச் சிறுக எடுத்து வையுங்கள். பாலிசி அறுந்தால் காத்திருப்பு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

4. பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் படித்துப் பாருங்கள். ஒத்துவரவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

அந்த விரிவுரையாளரின் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி பில்லுக்கு மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவர் சம்பளம் 21,000-க்குள்தான். அவருக்கு இ.எஸ்.ஐ. கிடைத்திருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை, கல்லூரியும் சொல்லவில்லை.

வகுப்பில் மாணவன் சந்தேகம் கேட்காவிட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் அல்லவா? நாளைக்கே அலுவலகத்துக்குப் போய் உங்கள் சந்தேகத்தைக் கேளுங்கள்.