சரிவு நிலத்தில் இடைவெளி அளத்தல்

நீலகிரியில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இலை அளித்துவரும் சிறு விவசாயிகள், புதிதாகச் செடி நடக் கடன் கேட்கையில், பட்டாவிலுள்ள ஏக்கரைக் கொண்டே நாற்றுக்கணக்கு எழுதித் தருகின்றனர். நடவு முடியுந் தறுவாயில் நாற்றுப் போதவில்லை என்று மீண்டும் வருவோரும் உளர். நாற்றங்கால்காரர்மீது ஐயுறுமுன், அளவுகோலை எவ்வாறு பிடித்தோம் என்று ஆராய்வது நலம்.

வரிசைக்கு வரிசை 4 அடி, செடிக்குச் செடி 2½ அடி என்று கொள்வோம். ஒரு செடிக்கு 10 சதுர அடி. ஏக்கருக்கு 43,560 சதுர அடி. ஆகவே 4,356 செடிகள். இது சமதளக் கணக்கு. பட்டாவில் காணும் பரப்பும் சமதளப் பரப்பேயாம். நில அளவையில் சங்கிலியை மட்டமாகப் பிடித்தே அளப்பர். நடவின்போதோ கோலை மண்மீது சாய்த்துக் கிடத்துகிறோம். 2 அடி செல்ல 1 அடி உயரும் சரிவில், அவ்வாறு அளந்த 4 அடி மட்டத்தில் 3 அடி 7 அங்குலமே. ஏக்கருக்குச் சுமார் 500 செடிகள் கூடுதலாகும். கடன் மிகுவது ஒருபுறமிருக்க, மேட்டைச் சாய்த்து அளந்ததனால் மழை பெருகிவிடாது. அதே நீரை மிகுதியான செடிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஜனவரி முதல் மார்ச்சு வரையுள்ள வறட்சியில் இளஞ்செடிகள் இதனை உணரும்.

ஆதலின் கோலின் மேல்முனையை மண்ணில் வைத்து, கீழ்முனையை மட்டமாக உயர்த்தி, அதிலிருந்து கயிற்றில் கல் தொங்கவிட்டு, கல் தொடுமிடத்தில் முளை அடிக்கவேண்டும்.

வரிசை மேலிருந்து கீழாக ஓடலாகாது. களை கொத்த அது எளிதுதான். மழைநீர் மேல்மண்ணை வாரிச்செல்லவும் அதுவே எளிய வழி. சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரிசை செல்லவேண்டும். மட்டங்காண விலையுயர்ந்த கருவி வேண்டா. இரு கழிகளின் தலையைச் சேர்த்துக் கட்டி, காலை அகட்டி, நடுவே குறுக்குக் கழி பிணைத்து, உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிடுக. இரு முளைகள்மேல் கால்களை நிறுத்திக் கயிறு குறுக்குக் கழியைத் தொடுமிடத்தைக் குறித்து, கால்களை இடம்மாற்றி மறுபடி குறித்தால், இரு குறிகளின் நடுவே மட்டக்குறி. கயிறு அதன்மேல் நிற்குமாறு ஒவ்வோர் அடியாக நகர்ந்து முளை அடித்துச் செல்லலாம்.

இவ்வரிசைகள் வளைந்தே செல்லும். ஒன்றுக்கொன்று இணையாகவும் இரா. சரிவு மிகுந்த இடத்தில் 4 அடி அளந்து தொடங்குக. சரிவு தணியுமிடத்தில் இடைவெளி தானே அகலும். அது 8 அடியை எட்டியதும் நடுவே ஒரு குறுவரிசை நுழைத்து, மீண்டும் நெருங்குமிடத்தில் நிறுத்திவிடலாம். அழகு குறையும் என்போருக்கு நாம் உடன்படுவதற்கில்லை.

உருளைக்கிழங்கு பயிரிடுவோர், குறுக்கே பார் பிடித்தால் நீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்பர். அதில் நியாயம் உண்டு. பாருக்கு 100 அடிக்கு 1 அடி வாட்டம் கொடுத்து, புல் வளர்ந்த ஓடையில் நீரை விடுவது தக்கது.

குறுவரிசைகள் எத்தனை என்பது குன்றுக்குக் குன்று மாறும். ஆகையால் கடன் மனு எழுதுமுன்னரே முளையடித்து, அவற்றை எண்ணிக்கொண்டு வருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.